திறந்திருந்த கதவு: பண்டித ரமாபாய் அம்மையாரின் ஜெப வாழ்வு

1893ஆம் ஆண்டில் பூனா நகரத்தில் ஓர் அறைக்கதவு பெரும் விவாதத்திற்குப் பொருளாயிற்று. இளம் விதவைகளுக்கென்று அங்கே நடத்தப்பட்டுவந்த சாரதா சதன் என்னும் பள்ளியின் தலைவியார், நாள்தோறும் தம்முடைய சொந்த அறையில் தம் ஒரே மகளுடன் வேதம் வாசித்து ஜெபிப்பது வழக்கம். அவ்வேளையில் அவர் கதவைச் சாத்துவதில்லை. பள்ளியில் எந்த மதமும் போதிக்கப்படாது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை மீறி எந்தப் பெண்ணையும் அவர் ஜெபத்திற்கு அழைக்கவில்லை. ஆயினும் திறந்திருந்த கதவின் வழியாகச் சில பெண்கள் தாமாகவே உள்ளே வந்து ஓரமாக அமர்ந்தார்கள். நாளடைவில் சிலர் முழங்காலும் படியிட்டார்கள். செய்தி வெளியே பரவிற்று. கேசரி முதலிய பத்திரிகைகள் கண்டித்து எழுதின. பள்ளிக்கு ஆலோசனைக் குழுவாக இருந்த பெரியோர்கள் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை உறவினர்கள் வந்து அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

அந்தக் கதவைச் சாத்தியிருந்தால் இவை ஒன்றும் நேர்ந்திருக்காது. கதவைச் சாத்தி அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படி நம் ஆண்டவரே போதித்திருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டவர் அதை யாருக்குச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் காணவேண்டும் என்று தெருச்சந்திகளில் நின்று ஜெபித்தவர்களைக் கடிந்து பேசிய இடம் அது. ரமாபாய் அம்மையாரின் வீட்டில் இருந்தவர்களோ, எல்லாக் கதவுகளும் முகத்தின் முன்னே அடைக்கப்பட்ட பெண்கள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இடமற்றுப்போன அவர்களுக்கு முன்பாக இன்னொரு கதவையும் அடைப்பதற்கு அந்தத் தாயுள்ளம் இணங்கவில்லை. தம் ஜெபத்தை அவர் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதற்கான விலையைக் கேட்டபோது கொடுத்தார்.

கானகத்தில் பிறந்த குழந்தை

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் கானகப் பகுதியில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரும் சமஸ்கிருத பண்டிதர். பெண்கள் தேவபாஷையைக் கற்கலாகாது என்று இருந்த காலத்தில், தம் இளம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார் என்பதற்காகவே சுற்றத்தாரின் எதிர்ப்புக்கு ஆளானவர். அந்தத் தாயாரே மகளுக்குக் குருவானார். அதிகாலையில் மகளை மடியில் எழுப்பி உட்காரவைத்துச் சுலோகங்களைச் சொல்லிக்கொடுப்பார். பன்னிரண்டு வயதிற்குள் பாகவத புராணத்தின் பல்லாயிரம் சுலோகங்கள் சிறுமியின் நாவில் நின்றன.

இந்தக் குடும்பத்திற்கு நிலையான வீடு இல்லை. கோவில்தோறும் தீர்த்தந்தோறும் சென்று புராணம் வாசிப்பதும், கேட்போர் கொடுப்பதைக் கொண்டு வாழ்வதுமே அவர்கள் தொழில். 1870களின் நடுவில் தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது அந்த வருவாயும் நின்றது. உடல் உழைப்பை அறியாத குடும்பம். பிச்சை கேட்கவும் நாணம். இருந்த பொருளையெல்லாம் விற்று, உபவாசமிருந்து, தீர்த்தங்களில் மூழ்கி, மந்திரங்களை உருவேற்றி, தெய்வங்கள் இரங்கும் என்று காத்திருந்தார்கள். ஒருவர்பின் ஒருவராகத் தந்தையாரும், தாயாரும், மூத்த சகோதரியும் மரித்தார்கள். தாயாரின் உடலைச் சுமப்பதற்குப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. நான்காவது ஆளாக ரமாபாயே நின்றார். உயரம் போதாமையால் பாடையின் ஒரு முனையைத் தம் தலையின்மேல் தாங்கிக்கொண்டு மயானத்திற்கு நடந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

எஞ்சியவர்கள் அண்ணன் சீனிவாசனும் தங்கை ரமாபாயும் மாத்திரமே. இருவரும் கால்நடையாகவே வடநாடு வரைக்கும் அலைந்தார்கள். பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்கமாட்டாமல், மணலில் இரண்டு குழிகள் தோண்டி, கழுத்து வரைக்கும் மணலை மூடிக்கொண்டு இரவைக் கழித்ததும் உண்டு. இந்த ஆண்டுகளிலேதான் தாங்கள் செய்துவந்த நோன்புகளின் மேலிருந்த நம்பிக்கையை இருவரும் இழந்தார்கள். பிற்காலத்தில் முக்தி மிஷனில் மாவு தீர்ந்துபோன நாட்களிலும் கலங்காமல் நின்ற ரமாபாயைக் கண்டு வியப்பவர்கள், இந்தப் பசியையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பதில் வராத வேண்டுதல் எப்படியிருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஜெபத்தைக் குறித்து அவர் எளிதில் பேசியவர் அல்லர்.

1878ஆம் ஆண்டு கல்கத்தாவிற்கு வந்தபோது அங்கிருந்த பண்டிதர்கள் இந்த இளம்பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் சூட்டினார்கள். 1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாய், விபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி வேற்றுமையைக் கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டு அசாமிலுள்ள சில்சாரில் வாழ்ந்தார். கணவரின் புத்தகங்களுக்கு நடுவே ஒருநாள் வங்காள மொழியில் லூக்கா எழுதின சுவிசேஷம் அவர் கையில் அகப்பட்டது. 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் வாந்திபேதி கணவரைக் கொண்டுபோயிற்று. இருபத்துமூன்று வயதில், கைக்குழந்தையோடு, ரமாபாய் விதவையானார்.

மார்க்கமும் மீட்பரும்

பூனாவிற்கு வந்து, ஆரிய மகிளா சமாஜம் என்னும் பெண்கள் சங்கத்தை நிறுவினார். அதே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன்பு சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வாதாடினார். மருத்துவம் பயிலும் விருப்பத்தோடு 1883இல் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்திருந்தமையால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. வாண்டேஜ் என்னும் ஊரிலிருந்த கன்னியர் மடத்தார் அவரை ஏற்றுக்கொண்டார்கள். லண்டனில் அம்மடத்தார் நடத்திய இல்லம் ஒன்றில், வழிதவறிப்போன பெண்களைச் சகோதரிகள் வெறுப்பில்லாமல் அன்போடு பராமரிப்பதைக் கண்டு ரமாபாய் திகைத்தார். இதற்குக் காரணம் என்ன என்று விசாரித்தார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய வரலாற்றை ஒரு சகோதரி அவருக்கு வாசித்துக் காட்டினார். இப்படிப்பட்ட பெண்ணோடும் பேச மனதுள்ள இவரே பெண்களை உயர்த்த வல்லவர் என்று ரமாபாய் கண்டுகொண்டார். 1883 செப்டம்பர் 29ஆம் தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதோடு அவருடைய மனமாற்றத்தின் வரலாறு முடிந்துவிட்டது என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். ரமாபாய் தாமே அப்படிக் கருதவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 1891ஆம் ஆண்டளவில், தாம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டுபிடித்தது உண்மை, ஆனால் அந்த மார்க்கத்தின் ஜீவனாகிய கிறிஸ்துவை இன்னும் கண்டடையவில்லை என்று அவர் உணர்ந்தார். வில்லியம் ஹாஸ்லம் என்னும் போதகரின் வரலாறு அவர் கண்களைத் திறந்தது. பல ஆண்டுகள் பிரசங்கித்த பின்பே அந்தப் போதகர் தாம் மனந்திரும்பினார்! எட்டு ஆண்டுகள் வாதித்தும், கற்றும், விசாரித்தும் பெறாத சமாதானத்தை, ஒன்றுமற்றவளாகத் தேவனுடைய சமுகத்தில் விழுந்தபோது ரமாபாய் பெற்றுக்கொண்டார். அதுமுதல் அவருடைய ஜெபத்தின் தன்மையே மாறிற்று.

இதற்கிடையில் 1886 முதல் 1888 வரை அமெரிக்காவில் தங்கி, இந்தியப் பெண்களின் நிலையைக் குறித்து ஒரு நூல் எழுதி வெளியிட்டு, ஊர்தோறும் பேசினார். பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் ஏற்பட்டு, பத்து ஆண்டுகளுக்குப் பண உதவி செய்வதாக வாக்களித்தது. அந்த உதவியைக் கொண்டு 1889 மார்ச் 11ஆம் தேதி பம்பாயில் சாரதா சதன் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு பூனாவிற்கு மாற்றப்பட்டது. கதவைக் குறித்த விவாதம் எழுந்தது இங்கேதான். சங்கத்தின் உதவியோ 1898இல் முடிவடையும். அதற்குப்பின் என்ன செய்வது?

ஜார்ஜ் முல்லர், சீன உள்நாட்டு மிஷன், ஜான் பேட்டன் ஆகியோரைக் குறித்த நூல்களை அவர் அந்நாட்களில் வாசித்தார். இங்கிலாந்திலும் சீனாவிலும் தென்கடல் தீவுகளிலும் ஜெபத்தைக் கேட்ட தேவன் இந்தியாவிலும் கேட்பாரா என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. வெளிநாட்டார் எழுதிய விசுவாச வரலாறுகளை வாசித்து வியந்து மூடிவைத்துவிடுகிற நமக்கு இந்தக் கேள்வி பழக்கமானதே. அவர் வியப்போடு நிற்கவில்லை. கேட்டுப் பார்த்தார்.

பதினைந்தின் வர்க்கம்

ஜெபித்தவர் நிலமும் வாங்கினார். பூனாவிலிருந்து ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், கேட்காவ் என்னும் சிற்றூரில் சுமார் நூறு ஏக்கர் பூமி. சென்னையிலிருந்து ரேணிகுண்டா வழியாக மும்பைக்குச் செல்கிறவர்கள் தௌண்ட் சந்திப்பைக் கடந்ததும் அந்த நிலையத்தைக் காணலாம். பழமரங்களை நட்டு, அவற்றின் வருவாயால் பள்ளியை நடத்தலாம் என்பது அவர் திட்டம். தேவன் அந்த நிலத்தை வேறொன்றுக்காக வைத்திருந்தார்.

லோனாவ்லா மலையில் நடைபெற்ற கிறிஸ்தவக் கூடுகைக்கு அவர் தம் பெண்களில் சிலரோடு சென்றார். அதிகாலையில் காட்டுக்குள் தனித்துச் சென்று, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருந்த பதினைந்து பெண்களுக்காக நன்றி செலுத்தினார். அப்போது, இந்தத் தொகையை அதே தொகையால் பெருக்கித் தரும்படி கேட்கவேண்டும் என்னும் ஏவுதல் உண்டாயிற்று. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் இருநூற்று இருபத்தைந்து! பள்ளியில் அப்போது இருந்தவர்கள் ஐம்பது பேர்கூட நிறைவாக இல்லை. மதபோதனை செய்வதில்லை என்ற கட்டுப்பாடு வேறு. இது நடக்கிற காரியமா என்று அவர் மனமே தடுத்தது. கர்த்தரால் செய்யக்கூடாத அதிசயமான காரியம் உண்டோ என்று எரேமியாவின் புத்தகத்தில் வருகிற வசனம் அவருக்கு உறுதியளித்தது. கேட்டார், கேட்டதைக் குறித்தும் வைத்தார்.

வழி எப்படித் திறந்தது? எவரும் விரும்பாத விதத்தில் திறந்தது. 1896ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாகாணங்களில் கொடிய பஞ்சம் தோன்றிற்று. தம் பெற்றோரைப் பஞ்சத்தில் பறிகொடுத்த ரமாபாயால் பூனாவில் அமர்ந்திருக்க முடியவில்லை. கையில் பணம் இல்லாத நிலையில், ஜெபித்துப் புறப்பட்டார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளைகளையும், அவர்களைத் தவறான வழிக்கு விலைபேச வந்த தரகர்களையும் நிவாரண முகாம்களிலே கண்டார். அங்கிருந்து அவர் கொண்டுவந்து சேர்த்த பெண்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். ஆனால் பூனாவிலோ கொள்ளைநோய் பரவியிருந்தது. நகருக்குள் புதியவர்களைத் தங்கவைக்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. கேட்காவ் நிலம் நினைவுக்கு வந்தது. பழமரங்களுக்கு நடுவே கூடாரங்களும் ஓலைக் கொட்டகைகளும் எழும்பின. முக்தி என்று அந்த இடத்திற்குப் பெயர் வந்தது. லோனாவ்லாவில் கேட்ட தொகையைக் காட்டிலும் மிகுதியான பெண்கள் இப்போது அவர் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குள் சுவிசேஷம் தடையின்றி வேலைசெய்யத் தொடங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு காரியத்தைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. ஜெபிக்கிறவர்கள் அநீதியைக் கண்டும் அமைதியாக இருக்கவேண்டும் என்று நம்மில் ஓர் எண்ணம் இருக்கிறது. 1897இல் கொள்ளைநோய்த் தடுப்பு என்ற பெயரில் பூனாவில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தையும், தம் பள்ளியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கதியையும் குறித்து ரமாபாய் பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அது இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் கவனம் வரைக்கும் சென்றது. பம்பாய் ஆளுநர் அதை மறுத்தார். ரமாபாய் பின்வாங்கவில்லை. தேவனிடத்தில் முழங்காலில் நின்றவருக்கு ஆளுநர் முன்பாகக் கால்கள் நடுங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

வற்றின கிணறுகள்

1899-1900இல் குஜராத்தையும் மேற்கிந்தியாவையும் மீண்டும் பெரும்பஞ்சம் தாக்கிற்று. இம்முறை முக்தியின் பயிற்சி பெற்ற பெண்களே புறப்பட்டுச் சென்று பஞ்சத்தில் வாடினவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். முக்தியின் குடும்பம் ஏறத்தாழ 1,900 பேராகப் பெருகிற்று. நூற்றுக்கு மேற்பட்ட கால்நடைகளும் இருந்தன. கட்டட வேலைக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. மழையோ இல்லை. நீர் இருந்தவை இரண்டு கிணறுகள் மாத்திரமே. மாலைதோறும் அவற்றின் அடித்தரை கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு அன்றைய நாள் முடியும். அவர்கள் ஜெபித்துப் படுக்கைக்குச் செல்வார்கள். விடிந்து பார்த்தால் அன்றைய தேவைக்கான நீர் ஊறியிருக்கும். கோடை முழுவதும் இப்படியே கடந்தது.

ஒரே இரவில் கிணறு நிரம்பி வழிந்திருந்தால் சொல்லுவதற்கு இன்னும் சுவையாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. நாளைக்கு மீதி வைக்கிற அளவுக்கு ஒருநாளும் நீர் ஊறவில்லை. வனாந்தரத்து மன்னாவைப்போல, ஒவ்வொரு மாலையும் பயப்படவும் ஒவ்வொரு மாலையும் விசுவாசிக்கவும் இடம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரின் தாயாக அந்தக் கிணற்றடியில் நின்று வெறும் தரையைப் பார்த்திருப்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெற்றோரின் பசி அவர் நினைவில் இருந்தது. ஆனால் இப்போது அவர் யாரை நோக்கிக் கேட்கிறார் என்பதை அறிந்திருந்தார்.

ஜெபித்துவிட்டு அவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. முக்தியில் நெசவு இருந்தது. எண்ணெய்ச் செக்கு இருந்தது. பால்பண்ணை, சலவை, தோட்டம், அச்சுக்கூடம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் பெண்களே நடத்தினார்கள். வழிதவறிப்போன பெண்களுக்குக் கிருபா சதன் என்று ஓர் இல்லம். முதியவர்களுக்குப் பிரீதி சதன். பார்வையற்றவர்களுக்கு மனோரமா பிரெயில் எழுத்துக்களைக் கற்பித்தார். பாஸ்டன் சங்கத்தின் முதல் பத்தாண்டு வாக்கு 1898இல் முடிந்தபின் புதிய சங்கம் ஒன்று உருவாகிச் சாரதா சதனுக்கு உதவியது மெய்யே. ஆனால் முக்தியின் பெருங்குடும்பத்திற்கு எந்தச் சங்கமும் முழுப்பொறுப்பு ஏற்கவில்லை. தேவைகளைத் தேவனிடத்தில் சொல்வதும், நடப்பதை நண்பர்களுக்கு எழுதுவதுமே வழி. 1903இல் தொடங்கிய அவர்களுடைய செய்தியிதழுக்கு இட்ட பெயரே முக்தி ஜெபமணி என்பதாகும்.

எழுபது பேர் கூடினார்கள்

இவ்வளவு பெரிய குடும்பத்தில் பெரும்பாலோர் பசிக்கு வந்தவர்கள். உண்டார்கள், கற்றார்கள், ஞானஸ்நானமும் பெற்றார்கள். ஆனால் சண்டைகளும், சிறு களவுகளும், வெறும் வழக்கமாகிப்போன பக்தியும் அவர்களுக்குள் இருந்தன. தம் சொந்த வரலாற்றில் ஞானஸ்நானத்திற்கும் சமாதானத்திற்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்ததை ரமாபாய் மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜெபக்குழுக்களின் வாயிலாக உண்டான எழுப்புதலைக் கேள்விப்பட்டு, 1903இல் மனோரமாவையும் உடன் ஊழியர் மின்னி ஆப்ராம்ஸ் அம்மையாரையும் அங்கே அனுப்பினார். வேல்ஸ் நாட்டு எழுப்புதலின் செய்தியும் பின்னர் வந்தெட்டிற்று.

1905 ஜனவரியில், தினந்தோறும் கூடி ஜெபிக்க மனதுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தார். கட்டாயம் இல்லை. எழுபது பேர் வந்தார்கள். முக்தியின் பெண்களுக்காகவும், இந்தியக் கிறிஸ்தவர்கள் அனைவருக்காகவும் பரிசுத்த ஆவியின் நிறைவைக் கேட்டு ஒவ்வொரு நாளும் ஜெபித்தார்கள். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. ஜூன் மாதத்திற்குள் அந்த எழுபது ஐந்நூற்றைம்பதாக வளர்ந்து, நாளொன்றுக்கு இருமுறை கூடினார்கள். அம்மாத இறுதியில், கிராமங்களுக்குச் சென்று சுவிசேஷம் அறிவிக்க முன்வருபவர்கள் யார் என்று ரமாபாய் கேட்டபோது முப்பது இளம்பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அவர்களுடைய ஜெபத்தின் நடுவிலேயே அசைவு தொடங்கிற்று. ஜூன் 30ஆம் தேதி மாலை, ரமாபாய் தம் வழக்கப்படி தாழ்ந்த குரலில் யோவான் சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசிமுடிக்க இயலவில்லை. கூடியிருந்த பெண்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டு உரத்த சத்தமாய் அழுது ஜெபிக்கத் தொடங்கினார்கள். வகுப்புகள் நின்றன. நாட்கள் ஜெபத்தில் கடந்தன.

இதைக் குறித்து அக்காலத்திலேயே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. சத்தமும், கண்ணீரும், உடல் நடுக்கமும் மிகையானவை என்று சில மிஷனெரிகள் குறை கூறினார்கள். ரமாபாய் அம்மையார் தாமே அமைதியான இயல்புடையவர். சத்தமிட்டு ஜெபிப்பவர் அல்லர். ஆயினும் தம் இயல்புக்கு மாறானது என்பதற்காக அதை அவர் அடக்கவில்லை. இந்தியப் பெண் அழுதால் இந்தியப் பெண்ணைப்போலத்தான் அழுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதே வேளையில் கண்ணீரையே கனியாகக் கணக்கிடவும் இல்லை. திருடின பொருள் திரும்பி வந்ததா, சண்டையிட்டவர்கள் ஒப்புரவானார்களா, நோயாளிக்குப் பணிவிடை செய்ய ஆள் கிடைக்கிறதா என்று பார்த்தார். முப்பது பேராகத் தொடங்கிய கிராம ஊழியம் நூற்றுக்கணக்கானோரின் ஊழியமாக விரிந்தது. முறைவைத்துக் குழுக்களாகப் புறப்பட்டுச் சுற்றுப்புறத்துக் கிராமங்களுக்குச் சென்றார்கள். செல்லாதவர்கள் அவர்களுக்காக ஜெபித்தார்கள். பெயர்ப் பட்டியல்களைப் பகிர்ந்துகொண்டு ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி மன்றாடினார்கள். மின்னி ஆப்ராம்ஸ் 1906இல் வெளியிட்ட சிறுநூல் ஒன்று கடல் கடந்து தென் அமெரிக்காவின் சிலி நாடு வரைக்கும் சென்று, 1909இல் அங்கே தோன்றிய எழுப்புதலுக்கு ஒரு தூண்டுதலாயிற்று. கேட்காவின் ஜெபக்கூடத்தில் முழங்கால்படியிட்ட பஞ்சத்துப் பிள்ளைகளுக்குச் சிலி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

கடைசிப் பணி

எழுப்புதலின் பரபரப்பு அடங்கியபின் ரமாபாய் அம்மையார் தம் அறைக்குத் திரும்பி, எவரும் கைதட்டாத ஒரு வேலையில் ஆழ்ந்துவிட்டார். அந்நாளில் வழங்கிய மராத்தி வேதாகமத்தின் நடை, எழுத்தறிவு குறைந்த கிராமப் பெண்களுக்கு எட்டவில்லை என்பது அவர் மனக்குறை. தேவபாஷையில் பட்டம் பெற்ற பண்டிதை, சமஸ்கிருதச் சொற்களை விலக்கி எளிய மராத்தியில் வேதத்தைப் பெயர்க்க அமர்ந்தார். அதற்காகவே எபிரெயமும் கிரேக்கமும் நடுவயதில் கற்றார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இந்தப் பணி நீடித்தது. ஒரு பெண் தனியொருவராக முழு வேதாகமத்தையும் மொழிபெயர்ப்பது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களே முக்தி அச்சுக்கூடத்தில் எழுத்துக்களைக் கோத்தார்கள்.

1919இல் அரசாங்கம் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. அதைக் காட்டிலும் அவர் உள்ளத்தை நிரப்பியது மனோரமாவைக் குறித்த நம்பிக்கை. தாய்க்குப் பின் முக்தியைத் தாங்க, பிறந்தநாள் முதல் ஜெபத்தோடு உருவாக்கப்பட்ட மகள் அவர். ஆனால் 1921 ஜூலை 24ஆம் தேதி, நாற்பது வயதில், மிரஜ் நகரத்து மருத்துவமனையில் மனோரமா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கிணற்றில் நீரைக் கேட்டுப் பெற்ற தாய், மகளின் உயிரைக் கேட்டுப் பெறவில்லை. ஏன் என்பதற்கு அவர் விளக்கம் தேடவில்லை. நாமும் அவருக்காக ஒன்றைப் புனைந்து வைக்கவேண்டாம். அவர் செய்ததை மட்டும் சொல்லலாம். மறுபடியும் மேசைக்குத் திரும்பி, அச்சுப்படிகளைத் திருத்தினார்.

ஒன்பது மாதங்கள்கூட அவர் உயிரோடிருக்கவில்லை. வேதாகமத்தின் கடைசிப் பகுதிகளைச் செப்பனிடுவதிலேயே அந்த மாதங்கள் கழிந்தன. 1922 ஏப்ரல் 5ஆம் தேதி அதிகாலையில், உறக்கத்திலேயே, அறுபத்துநான்கு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில், பண்டித ரமாபாய் தம் மீட்பரிடம் சென்றார். கேட்காவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 1989இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. முக்தி மிஷன் இன்றும் அங்கே பெண்களையும் பிள்ளைகளையும் பராமரித்துவருகிறது.

அவர் மொழிபெயர்த்த மராத்தி வேதாகமம் 1924ஆம் ஆண்டு முக்தி அச்சுக்கூடத்திலிருந்து முழுமையாக வெளிவந்தது.